எதிரெதிரே உட்காரணுமாம்

இப்படி உள்ளே தள்ளி உட்காருங்கக்கா, இடம் இருக்குது. அந்தக் கூடையை என் மடியில் கொடுங்க, நான் வெச்சுக்கறேன். என் கை ரெண்டும் இன்னைக்குச் சும்மாதான் இருக்குது. பையனை வீட்டில் விட்டுட்டு வந்திருக்கேன். அவனுக்கு ரெண்டரை வயசு. அவன் பிறந்ததிலிருந்து இன்னைக்குத்தான் இடுப்பில் ஆள் இல்லாமல் பஸ் ஏறறேன். ஏறும்போதே உடம்பு ஒரு பக்கமாச் சாயுதுங்க.

நான் ஈரோடு வரைக்கும். துணி எடுக்கவும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. சாப்பிடப் போறேன். ஒரு வேளை மத்தியானச் சோறு. வீட்டில் எல்லாருக்கும் ஆக்கி இறக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன். நான் மட்டும் ஈரோட்டில் போய்ச் சாப்பிடணுமாம். சிரிக்காதீங்க. ஆத்துப் பாலம் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எல்லாம் எங்க கொழுந்தனார் கல்யாணத்தில் ஆரம்பிச்சது. கல்யாணம் இன்னும் ஆகலை. ஆகணும்.

பேர் பூபதி. வயசு முப்பத்து நாலு. என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர். ஒன்பது வருஷம் போர் போடற ரிக் வண்டியில் வடக்கே இருந்தார். சத்தீஸ்கர், ஒடிசா, அதுக்கு அந்தப் பக்கம் பேர் வாயில் வராத ஊரெல்லாம். நல்ல மனுசன், குடி கிடையாது. ஆனால் பேசச் சொன்னால் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எத்தனை அடியில் பாறை தட்டுச்சு, அவ்வளவுதான். இப்போ எங்க ஊர் திருச்செங்கோட்டிலேயே மோட்டாருக்குக் காயில் கட்டற கடையில் இருக்கார். பதினோரு இடம் பொண்ணு பார்த்தோம். பதினோரு வீட்டிலும் காபி கொடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டு வீட்டில் மிக்சர் நல்லா இருந்தது.

பன்னிரண்டாவது சிந்துஜா. ஈரோட்டில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற லேபில் வேலை. இருபத்தொன்பது வயசு. காபித் தட்டை நீட்டிட்டு உள்ளே போகும்னு பார்த்தால், போகலை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடேயே உட்கார்ந்துடுச்சு.

"எனக்கு இவரோட ஒரு நாள் வெளிய போயி, ரெண்டு பேருமா உக்காந்து சாப்பிட்டுட்டே பேசோணும். அப்பறந்தான் சரியா இல்லையான்னு சொல்லுவேன். எடத்த அவரே பாத்துச் சொல்லட்டும்."

அவங்க அப்பா மேலே சுத்தற ஃபேனைப் பார்த்தார். எங்க மாமனார் மிக்சரைப் பார்த்தார். திரும்பி வரும்போது வண்டியில் மாமா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"ஏன், அவங்கூட்டுல சோத்துக்கு ஒலை வெக்கறதில்லையா?"

கொழுந்தனார் வீடு வந்து சேர்ந்ததும் நேரே அடுப்படிக்கு வந்தார். "அண்ணி, இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் மறுபடி வண்டி ஏறிர்றனுங்க. மொதலாளி கூப்புட்டுட்டே இருக்கறாரு" என்றார். ஏறினால் ரெண்டு வருஷத்துக்கு ஆள் முகத்தைப் பார்க்க முடியாது. திரும்பி வரும்போது முப்பத்தாறு ஆயிருக்கும். அந்த வயசுக்குக் காபிகூடக் கொடுக்க மாட்டாங்க. அதுவும் போக, அவர் போயிட்டால் சாயங்காலம் என் பையனை யார் வெச்சுக்கறது? எப்படியும் இதை முடிச்சே ஆகணும்னு அன்னைக்கே நினைச்சுட்டேன்.

"எங்க கூட்டிட்டுப் போறதுங்க அண்ணி?"

"ஏனுங் கொழுந்தனாரே, ஒம்போது வருசம் ஊர் ஊராச் சுத்துனீங்க, ஒரு ஓட்டல் தெரியாதா?"

"வண்டி நிக்கற எடத்துலயே ஸ்டவ் வெச்சு ஆக்கித் திம்போமுங்க."

கூட்டாளி ஒருத்தர் ஈரோட்டில் ஒரு ஹோட்டல் சொன்னாராம். கண்ணாடிக் கதவு, ஏசி. பொண்ணுகளைக் கூட்டிட்டுப் போனால் அங்கேதான் போகணுமாம். அடுத்த புதன்கிழமை பையனுக்குச் சட்டை எடுக்க ஈரோடு போனேன். போன கையோடு அதையும் ஒரு எட்டு பார்த்துட்டேன். உள்ளே போகலைங்க. வாசலிலேயே விலைப் பட்டியலைப் பெருசா மாட்டி வெச்சிருந்தாங்க. பையனை இடுப்பில் வெச்சுக்கிட்டு மேலேயிருந்து கீழே வரைக்கும் படிச்சேன். வாட்ச்மேன், "டேபிள் வேணுமாம்மா?" என்றார். "படிச்சுட்டு இருக்கறனுங்க" என்றேன்.

அக்கா, கோபி ஒரு தட்டு இருநூத்திப் பத்து. அந்த வாரம் சந்தையில் ஒரு காலிஃபிளவர் பூவே இருபது ரூபாய்தான். பெரிய பூ. அதில் நாலு தட்டு வரும். சோளத்தில் சூப்பு, நூத்திமுப்பது. குடிக்கிற தண்ணீருக்கும் காசு. தண்ணீருக்குங்க! ஊரெல்லாம் பூமியைத் தோண்டித் தண்ணீர் எடுத்துக் கொடுத்த ஆள் காசு கொடுத்துத் தண்ணீர் குடிக்கணுமாம். ஆள் ரெண்டுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆயிரத்து முந்நூறுக்குக் கீழே வரலை. அதுக்கு மேலே வரி. அந்தக் காசில் எங்க வீட்டில் ஆறு பேர் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கறி தின்னலாம். அதுவும் இந்தப் பொண்ணு சரின்னு சொல்லும்னு எழுதியா கொடுத்திருக்குது?

பேக்கரிக்குப் போகலாம்னு யோசிச்சோம். ரெண்டு பப்ஸ், ரெண்டு டீ, நூறு ரூபாய்க்குள் முடிஞ்சுடும். ஆனால் அங்கே சாயங்காலம் தறி விட்ட ஆளுகதான் நிறைய உட்கார்ந்திருப்பாங்க. எங்க வீட்டுக்காரரோடு தறியில் வேலை செய்யறவங்க பாதிப் பேர் அங்கேதான். கொழுந்தனார் ஒரு பொண்ணோடு போய் உட்கார்ந்தால் பப்ஸ் வர்றதுக்குள் தறிப் பட்டறைக்கே தெரிஞ்சுடும். மலைக் கோயிலுக்குப் போகலாம், அங்கே அன்னதானமும் உண்டுன்னு அத்தை சொன்னாங்க. டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கணும்ல, அதை நினைச்சு வேண்டாம்னுட்டேன். எனக்கும் கொஞ்சம் நாகரிகம் தெரியுமுங்க.

அப்போதான் காலண்டர் ஆணியில் மாட்டியிருந்த பத்திரிகை கண்ணில் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். சங்ககிரி ரோட்டு மண்டபம். ஏசி. சமையல் பெருந்துறைக்காரர். அவர் கை வெச்சால் இருபத்து நாலு வகைக்குக் குறையாது, இனிப்பே மூணு. மொய்க் கவரில் மாமா ஏற்கெனவே ஐநூறு வெச்சுப் பேர் எழுதி ஒட்டிட்டார். அந்தக் கவரைக் கொடுக்க யாராவது ஒருத்தர் எப்படியும் போகணும். ஒருத்தர் போய்ச் சாப்பிட்டாலும் அதே கவர்தான், நாலு பேர் போய்ச் சாப்பிட்டாலும் அதே கவர்தான். எனக்கு மட்டும் ஏன் இது முன்னாடியே தோணலைன்னு ஆயிடுச்சு.

கொழுந்தனார் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணி, இது அந்தப் பொண்ணு கல்யாணமுங்க."

அது உண்மைதான். கல்யாணப் பொண்ணு, எங்களை வேண்டாம்னு சொன்ன பதினோரு பேரில் ஒண்ணு. ஏழாவது. பொண்ணு கொடுக்கலைன்னாலும் சொந்தம் விட்டுப் போகக் கூடாதுன்னு அவங்க வந்து பத்திரிகை வெச்சாங்க. நல்ல பழக்கம்தானே?

"சாப்பாட்டுக்கும் அந்தப் பொண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? அதுவா சமைக்குது?" என்றேன்.

பத்திரிகையை மறுபடி ஆணியில் மாட்டினார். "அவங்ககிட்டச் சொல்லிர்றீங்களா அண்ணி?" என்றார்.

சிந்துஜாவுக்கு நானேதான் போன் பண்ணினேன். ஒரு பொய் சொல்லலைங்க. சங்ககிரி ரோடு, ஆறு மணி, ஏசி, வண்டி நிறுத்த இடம் இருக்குது, சைவம்.

"பஃபேங்களாக்கா?" என்று கேட்டது.

"இல்லீங் கண்ணு, உக்காந்துதான். எலை போட்டு."

"பரவால்லையே, நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கறாரு" என்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா ஸ்கூட்டியில் வந்தது. ஜீன்ஸ், அதுக்கு மேலே ஒரு பருத்தி குர்த்தி. வாசலில் ரெண்டு பொண்ணுக பட்டுப் பாவாடையோடு நின்னு பன்னீர் தெளிச்சதுக. சந்தனமும் கல்கண்டும் நீட்டினதுக. அது கல்கண்டைக் கையில் வெச்சுக்கிட்டு அப்படியே நின்னது.

"அக்கா, இது மண்டபம்."

"ஆமாங் கண்ணு. உள்ள வந்து பாரு, எப்படிக் குளுகுளுன்னு இருக்குதுன்னு."

"ஆரோ ரெண்டு பேருக்குக் கல்யாணமாட்ட இருக்குதுங்களே?"

"அது மேடையில. நம்ம கீழ சாப்பாட்டு ஹாலுக்குத்தான் போறோம்."

என்னைப் பார்த்தது. கொழுந்தனாரைப் பார்த்தது. கொழுந்தனார் ஏசியைப் பார்த்துட்டு இருந்தார். அங்கேயே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடும்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். ஆனால் வாயைக் கையால் மூடிக்கிட்டு உள்ளே வந்துடுச்சு. பசி போல.

ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு நான் வேறு வரிசையில் உட்காரலாம்னுதான் இருந்தேன். அந்தப் பந்தியில் மூணு நாற்காலிதான் சேர்ந்தாற்போல இருந்தது. பையன் கொழுந்தனாரிடம் போகணும்னு அழுதான், அப்புறம் என்னிடம் வரணும்னு அழுதான். அதனால் நடுவில் நான் உட்கார்ந்துட்டேன். அதனால் ஒண்ணும் கெட்டுப் போகலை. ரெண்டு பேர் பேசறதும் எனக்கு நல்லாக் கேட்டது.

"உங்க ஊர்ல எத்தன அடில தண்ணிங்க?" என்றார் இவர்.

"எண்ணூறுங்க."

"அதுக்கு மேல எறக்க வேண்டாமுங்க. உப்பாயிரும்."

"சரிங்க."

அப்புறம் ரெண்டு பேரும் இடியாப்பம் சாப்பிட்டாங்க. நான் அந்தப் பொண்ணு இலையில் ரெண்டாவது மைசூர்பா வைக்கச் சொல்லி, பரிமாறற பையனை மூணு தடவை கூப்பிட்டேன். வேண்டாம் வேண்டாம்னுது. ஹோட்டலில் இதே மைசூர்பா ஒண்ணு நாற்பது ரூபாய்னு எடுத்துச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டது.

பந்தி பாதியில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரங்க வந்து பின்னாடி நின்னுட்டாங்க. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாடியும் ஒரு ஆள். சிந்துஜா நாற்காலியை ஒரு பெரியம்மா ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டு, "அம்மிணி, தயிர் சாதம் வாங்கியாச்சா?" என்று கேட்டாங்க. "நான் இன்னும் தோசைக்கே வரலைங்க" என்றது. "மெதுவாச் சாப்பிடு சாமி" என்று சொல்லிட்டு அவங்க நாற்காலியை விடலை. அந்தம்மா மேல் தப்பில்லை. ஒரு தடவை விட்டால் வேறு ஆள் பிடிச்சுக்குவாங்க.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பொண்ணோட அம்மா, சாவித்திரியக்கா, ஒவ்வொரு இலையாக் கேட்டுக்கிட்டே வந்தாங்க.

"அட, பூபதியா! நல்லாச் சாப்பிடுங்க. இந்தப் பொண்ணு ஆருங்க?"

"பாத்துட்டு இருக்கறோமுங்க" என்றேன் நான்.

"அப்படியா! ரொம்பச் சந்தோசம். எங்க பாப்பா அன்னைக்கு வேண்டான்னதை மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. வேற ஒண்ணுமில்ல, உங்ககூடப் பேச ஒண்ணுமே இல்லையேன்னா. சின்னப் புள்ள. நீ காளான் பிரியாணி வாங்குனியா கண்ணு?"

அவங்க போயிட்டாங்க. சிந்துஜா தோசையைக் கீழே வெச்சது. என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டது.

"மேடையில நிக்கறவங்களா உங்கள வேண்டான்னாங்க?"

"ஆமாங்க."

"அவங்க கல்யாணத்துக்கே என்னையக் கூட்டிட்டு வந்திருக்கறீங்க?"

"ஆமாங்க. அண்ணி சொன்னாங்க."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

கொழுந்தனார் நல்லா யோசிச்சார். "வெக்கமாத்தானுங்க இருக்குது" என்றார். "ஆனா வேற எடஞ் சொல்லி, அதுக்குள்ள உங்க மனசு மாறிப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு வந்துட்டனுங்க."

இதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்? காளான் பிரியாணி எப்படின்னு சொல்லியிருக்கலாம், நல்லாத்தான் இருந்தது. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஒரு வாய்கூடச் சாப்பிடலை. பாதி தோசை இலையிலேயே கிடந்தது. பன்னிரண்டாவதும் போச்சுன்னு என் ஐஸ்கிரீமைப் பையனுக்கே கொடுத்துட்டேன்.

கை கழுவ நானும் அதுவும்தான் போனோம். பையன் கொழுந்தனார் தோளில். குழாய்க்கு வரிசை நின்னது. அப்போ என்னிடம் திரும்பி, "அக்கா, உங்களக் கல்யாணமான புதுசுல அண்ணன் மொத மொத எங்க சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு?" என்று கேட்டது.

எதுக்குக் கேட்குதுன்னு புரிஞ்சுடுச்சு. குடும்பம் எப்படின்னு ஆழம் பார்க்குது. சரி, நல்லபடியா நாலு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

"எங்கூட்டுக்காரரு சொக்கத் தங்கம் கண்ணு. கல்யாணமாகி ஆறு வருசம், வெளிய சாப்பிட்டு ஒரு ரூவா வீணாக்குனதில்ல. பையன் வயித்துல இருக்கறப்ப ஜிஹெச்சுக்கு ஸ்கேன் பாக்கப் போனோம். மத்தியானம் ஆயிருச்சு. வாசல்ல ஒரு பன்னு வாங்கிக் குடுத்தாரு. எனக்கு மட்டும். அவரு தண்ணியக் குடிச்சுட்டு வந்துட்டாரு. அவ்வளவு சிக்கனம்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் ஸ்கேன் பாத்தாங்க."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. எனக்கு மனசு கேட்கலை. கட்டிக்கப் போற பொண்ணு, நாளைக்கு நம்மளைத் திட்டக் கூடாதில்லையா? கொழுந்தனாரிடம் இருக்கிற குறையையும் சொல்லிடணும்னு தோணுச்சு. எதையும் மறைச்சுக் கட்டி வைக்கற குடும்பம் இல்லைங்க நாங்க.

"இவருகிட்ட ஒண்ணே ஒண்ணு, காசோட அருமை தெரியாது. ஏழாம் மாசம் எனக்குப் பள்ளிபாளையம் சிக்கன் திங்கோணும்னு ஒரு இது. வாய் தவறிச் சொல்லிட்டேன். எங்கூட்டுக்காரரு, தேங்காயும் வரமொளகாயுந்தான, நீயே ஆக்கிக்கன்னாரு. நாயமான பேச்சு. இவரு லீவுல வந்திருந்தாரு. ஆருகிட்டயும் சொல்லாம ஒரு பைக்க வாங்கிட்டு மழைல போயி ஒரு பொட்டணம் வாங்கிட்டு வந்துட்டாரு. நூத்தித் தொண்ணூறு ரூவா! அதோட விட்டாரா? நான் மாமாவுக்கு ரெண்டு துண்டு எடுத்து வெக்கப் போனா, வெக்க உடல. நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் கதவுகிட்டயே நின்னுட்டு இருந்தாரு, ஆரும் வந்து பங்கு கேட்டுருவாங்கன்னு. அவ்வளவு பிடிவாதம். நீதான் கண்ணு வந்து திருத்தோணும்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோன்னு ஆயிடுச்சு. ஏன்னா அது குழாயைத் திறந்து விட்டுட்டுக் கையை நீட்டாமல் என்னையே பார்த்துட்டு நின்னது. பின்னாடி இருந்த ஆள் சத்தம் போட்டார்.

"நல்லா இருந்துச்சாக்கா அந்தச் சிக்கன்?" என்றது.

"காரம் கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

அப்புறம் கொழுந்தனார் பையனை என்னிடம் கொடுத்துட்டு, அவரும் அதுவும் வண்டி நிறுத்தற இடத்துக்குப் போனாங்க. பையன் பீடாவில் இருக்கிற செர்ரி வேணும்னான், அதனால் நான் படியிலேயே நின்னுட்டேன். ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்தது. அதுக்குப் பக்கத்தில் நின்னு ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினாங்க. இருபது நிமிஷம். என்ன பேசினாங்கன்னு தெரியலை. நடுவில் அது ஒரு தடவை கண்ணைத் துடைச்சது. அந்தப் புகைக்கு யாருக்குத்தான் எரியாது?

அதுக்கப்புறம் நாலு நாள் பதில் இல்லை. அத்தை ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாங்க. மாமா தரகரைத் திட்டினார். கொழுந்தனார் பழைய ரிக் பையை எடுத்து வெயிலில் காயப் போட்டார். எனக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்கச் சிக்கன் கதையைச் சொன்ன வாயிலேயே போட்டுக்கணும்னு இருந்தது. பையன் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேன்னான்.

அஞ்சாம் நாள் அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. யாருக்குன்னு நினைக்கிறீங்க? கொழுந்தனாருக்கு இல்லை. மாமாவுக்கு இல்லை. எங்க வீட்டுக்காரருக்கு. தறிச் சத்தத்தில் ஒண்ணும் கேட்காமல் வெளியே வந்து நின்னு பேசியிருக்கார். சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்திட்டு, எல்லாருக்கும் பொதுவாச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு, நான் புனிதாவ வெளிய கூட்டிட்டுப் போயிச் சாப்பிட வெக்கோணுங்குது. அதுக்கப்பறம் பதில் சொல்லுதாம்."

புனிதா நான்தான்.

"எதுக்கு?" என்றார் மாமா.

"தெரியலப்பா. ரெண்டு பேர் மட்டுமாம். பையன் வரக் கூடாதாம். வீட்டுல இருந்து எதையும் கட்டிட்டுப் போகக் கூடாதாம். ஒண்ணு வாங்கி ரெண்டாப் பங்கு போடக் கூடாதாம். எதிரெதிர உக்காரோணுமாம். உக்காந்ததப் போட்டோ எடுத்து அனுப்போணுமாம்."

மாமாதான் யோசிச்சுக் கண்டுபிடிச்சார்.

"இது பரிகாரம்டா."

எனக்கும் அப்போதான் வெளிச்சமாச்சு. வேறு எதுக்குங்க இத்தனை விதி வைக்கப் போறாங்க? சிலருக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வாழை மரத்தைச் சுத்தணும்பாங்க, சிலருக்குக் குளத்தில் முங்கணும்பாங்க. அந்தப் பொண்ணு ஜாதகத்தில் ஏதோ இருக்குது. வர்ற வீட்டில் மூத்த மருமகளும் மகனும் செஞ்சால் விலகும்னு அவங்க ஜோசியர் சொல்லியிருப்பார். படிச்ச பொண்ணு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்குது. கொழுந்தனார் மட்டும், "அப்படி இருக்காதுங்க" என்று ஏதோ சொல்ல வந்தார். "உனக்கென்னடா தெரியும்?" என்று மாமா அடக்கிட்டார்.

அதுக்கப்புறம் அத்தை கையில் எடுத்துக்கிட்டாங்க. பரிகாரம்ங்கறதால் கவுச்சி கூடாது, சைவ ஹோட்டல்தான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் எமகண்டம், அதனால் ஒன்றரைக்கு மேல்தான் இலை முன்னாடி உட்காரணும். ஒன்றரைக்குச் சாப்பாடு தீர்ந்துடுமான்னு எங்க வீட்டுக்காரர் அந்த ஹோட்டலுக்கு முந்தா நாளே போன் போட்டுக் கேட்டார். தீராதாம். நான் காலையில் தலைக்கு ஊத்திக்கிட்டேன். கிளம்பும்போது அத்தை ரெண்டு பேருக்கும் திருநீறு பூசி விட்டாங்க. கொழுந்தனார் பையனைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து, "மெதுவாச் சாப்பிட்டுட்டு வாங்க அண்ணி" என்றார். அந்த ரிக் பை இன்னும் கொடியிலேதான் கிடக்குது. இன்னைக்கு நான் ஒழுங்காச் சாப்பிட்டு வர்றதில்தான் அது உள்ளே போகுமா வெளியே போகுமான்னு இருக்குது.

அவரா? இதே பஸ்தான். அதோ முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. தூங்கறார். அந்தச் சட்டை எங்க கல்யாணத்துக்கு எடுத்தது, இன்னைக்குத்தான் மறுபடி போட்டிருக்கார். பொம்பளைகளுக்கு இலவசம், எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும்தான், அதனால் போக்குவரத்தில் பாதி மிச்சம். காலையில் என்னிடம், "எவ்வளவு எடுத்துக்கட்டும்?" என்று கேட்டார். ரெண்டு சாப்பாடு முந்நூறு, எதுக்கும் இருக்கட்டும்னு நானூறு எடுத்துக்குங்கன்னேன். எண்ணிப் பார்க்காமல் பீரோவிலிருந்து ஆயிரம் எடுத்துச் சட்டைப் பையில் வெச்சுக்கிட்டார். "இதெல்லாம் எதுக்குங்க?" என்றால், "பரிகாரத்துல கஞ்சத்தனம் பாக்கக் கூடாது" என்கிறார். முந்தா நாள் ராத்திரி தூங்காமல் புரண்டுட்டு இருந்தார். என்னன்னு கேட்டேன். "அன்னைக்கு ஜிஹெச்சுல உனக்கு ரெண்டு பன்னு வாங்கியிருக்கலாம்" என்றார். நான் தூங்குங்கன்னு சொல்லிட்டேன். மனுசனுக்குத் திடீர்னு பன் ஞாபகம் எதுக்கு வருதுன்னு தெரியலை. பரிகாரம் செய்யறதுக்கு முன்னாடி மனசு இப்படித்தான் கலங்கும்னு அத்தை சொன்னாங்க.

எனக்கு அதெல்லாம் கவலை இல்லைங்க. எதிரெதிரே உட்காரணும்ங்கறதுதான். வீட்டில் அவர் சாப்பிடும்போது நான் நின்னு போடுவேன். நான் சாப்பிடும்போது அவர் தறிக்குப் போயிருப்பார். பந்தியிலும் எல்லாரும் ஒரே பக்கமாத்தானே பார்த்து உட்காருவோம். எதிரே உட்கார்ந்தால் எங்கே பார்க்கறதுங்க? முகத்தையா? சாப்பிட்டு முடிக்கற வரைக்குமா? நீங்க வெளியூரெல்லாம் போயிட்டு வந்தவங்க மாதிரி தெரியறீங்க, அதான் கேட்கறேன். என்ன பேசுவாங்க? பையன் இல்லை, அவன் சாப்பிட்டானான்னு பேச முடியாது. நான் பரிமாறலை, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்க முடியாது.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கண்ணில் தூசியா? இந்த ஜன்னல் எப்பவும் இப்படித்தான், இழுத்தாலும் வராது.

பாலம் தாண்டியாச்சு பாருங்க. இந்தாங்க உங்க கூடை. சிந்துஜா சரின்னு சொல்லிட்டால் தை மாசம் கல்யாணம். எங்களுக்கு வடக்கு ரதவீதிதான், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நீங்களும் அவசியம் வந்துடுங்க. பெருந்துறைக்காரரைத்தான் சமையலுக்குச் சொல்லப் போறோம்.

வர்றேங்கக்கா. அதோ அவர் எழுந்துட்டார். பாருங்க, பஸ் நிற்கறதுக்குள் குதிச்சு இறங்கி, பின்னாடி ஒரு ஆள் வருதேன்னு திரும்பிப் பார்க்காமல் அவர் பாட்டுக்குப் போறார்.

ஏனுங்க! ஏனுங்க, நில்லுங்க! தனியாப் போனா எப்படிங்க, பரிகாரம் ரெண்டு பேருக்குமுங்க!